மூன்றாவது ஒழுக்கு

அத்தியாயம் 9

“மூண்டு தரம் கழட்டிப் பூட்டினீர். மூண்டு தரமும் ஒழுகுது. நீர் பாஸோ, இல்லாட்டிப் பாஸ் எண்டு போர்ட் மட்டும் எழுதிக் கொழுவி வைச்சிருக்கிறீரோ?”

“ஐயா, மரியாதையாப் பேசுங்க. முப்பத்தஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன்.”

“முப்பத்தைஞ்சு வருஷமாக் களவெடுக்கிறாய் எண்டு சொல்லு.”

இந்த இடத்தில்தான் நான் துணி காயப்போடுவதை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், வாளியில் துணி முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரே துவாயைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமாக நின்றிருந்தேன். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை ஒரு சின்னச் சந்து, மதில்கள் உயரம் குறைவு. கட்டியவர்கள் என்னை நினைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் போர்ட்டிக்கோவில் நின்று சத்தம் போட்டவர் சிவானந்தன். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபத்து நான்கு வயது. எதிரே நின்றவர் மருதானையில் கராஜ் வைத்திருக்கும் பழனிமுத்து பாஸ்; மெக்கானிக்மாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவது. இருவருக்கும் நடுவே சாம்பல் நிறத் துணி உறைக்குள், சண்டையை மதிக்காமல் படுத்திருந்தது சிவானந்தனின் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் குந்தலாம், கூரையை மடக்கலாம், வயது என்னைவிட இரண்டு கூட. அதற்குக் கீழே சீமெந்துத் தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒயில்.

ஞாயிற்றுக்கிழமை காலை அகீல் என்ற ஒரு பொடியன் காரை வாங்க வருகிறான். அதற்கிடையில் ஒழுக்கு நிற்காவிட்டால், பழைய கார்க்காரர்களுடைய வட்சப் குழுவில், பழனிமுத்து நல்ல சாமானைக் கழற்றிக் கூடாத சாமானைப் பூட்டுகிற ஆள் என்று எழுதிவிடப்போவதாகச் சிவானந்தன் சொன்னார். அது சும்மா மிரட்டல் அல்ல. கொழும்பில் மிஞ்சியிருக்கிற கிழட்டுக் கார்களில் பாதி பழனிமுத்துவின் கையில்தான் உயிர் பிழைக்கிறது. அந்தக் குழுவில் பெயர் கெட்டால் கராஜ் கதவை இழுத்து மூட வேண்டியதுதான்.

பழனிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு டோர்ச்சை எடுத்தார், குனிந்து காருக்குக் கீழே அடித்துப் பார்த்தார். சிவானந்தன் உறைக்கு மேலே உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார்.

“இந்த எஞ்சினைத் திறந்து உள்ளுக்கை என்னத்தை மாத்தினாய்?”

பழனிமுத்து நிமிர்ந்தார். உறைக்கு மேலிருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கிழவரின் முகத்தைப் பார்த்தார். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த மனிதர், அடுப்பை யாரோ அணைத்ததுபோல் அடங்கிப்போனார்.

“தப்பு என்னோடதுதாங்க, ஐயா. ஞாயித்துக்கிழம காலையில வந்து பாக்கிறேன்.”

அவ்வளவுதான். கேற்றைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார்.

நான் மாடிப்படி ஏறியது செய்தி ஆறுவதற்குள். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஜவாஹிறா மிஸ். கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் அடிபட்ட வாகனங்களுக்குக் கீழே குனிந்து பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். பென்ஷன் எடுத்த பிறகு ஒழுங்கையில் காணாமல் போகிற சங்கிலியும் பூனையும் அவரிடம்தான் வருகின்றன. செய்தி கொண்டு போவது நான். அவர் என்னை உதவியாளர் என்கிறார். என் புருஷன் வேறொரு சொல் சொல்கிறார்.

அன்று பின்னேரமே சிவானந்தனின் மகள் மேனகாவும் படியேறி வந்தாள். தை மாதம் அவளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை மெல்பேணில். வீட்டையும் காரையும் விற்றுவிட்டு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற எண்ணம். பாஸ் எந்தச் சாமானை மாற்றினார் என்று மட்டும் கண்டுபிடித்துத் தரச் சொன்னாள்.

அவள் போன பிறகு மிஸ் என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்பதை அவர் செல்லுங்க என்பார், இருக்கு என்பதை ஈக்கி என்பார். “இப்ப செல்லுங்க புளோறன்ஸ். அவ செல்லாத கதைய.”

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் நான் பிறந்தேன். ஆனால் இந்தக் கதையை மட்டும் எனக்கு ருசித்துச் சொல்ல வராது. மேனகாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான், சுமன். பெற்றோல் மணத்தோடு திரிகிற பிள்ளை. பச்சைக் காரை வாங்கித் தட்டி நிமிர்த்தியது அவன்தான். 2008 ஆவணியில் ஒரு நாள், இருபத்து நான்கு வயதில், காருக்கு ஏதோ சாமான் வாங்க மருதானைக்குப் போனான். திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. தாய் தில்லைநாயகி அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரங்களில் பிள்ளையைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு இருந்தாள், இன்னும் இருக்கிறாள். தகப்பன் நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்குப் போய், காணாமல் போனவர் என்று அரசாங்கம் கொடுக்கிற சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். மகன் இனி வரமாட்டான் என்று அவர் ஒத்துக்கொண்டதாகத் தாய்க்குப் பட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் கதைத்ததை நான் கேட்கவில்லை. நான் கேட்காவிட்டால் கதைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

“அப்ப வழக்கு முடிஞ்சுது மிஸ்,” என்றேன். “மகன்ர காரை விக்க விடாமத் தாய்தான் ஏதோ செய்யிறா. போய்க் கேப்பம்.”

“நீங்க எங்கட கம்பெனில இருந்திருந்தா ரெண்டு நாள்ல கம்பெனிய மூடியிருப்பாங்க,” என்றார் மிஸ்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நாங்கள் போனபோது சிவானந்தன் உள்ளே படுத்திருந்தார். தில்லைநாயகி போர்ட்டிக்கோவில் குந்தியிருந்து, ஒயிலுக்கு மேலே மரத்தூள் தூவித் தென்னந்தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரமும் அவள்தான் துடைக்கிறாளாம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஊற்றுகிற ஆள் இப்படி முழங்கால் தேயத் துடைக்க மாட்டாள்.

மிஸ் உறையை ஓரமாகத் தூக்கி, பொனற்றைத் திறந்து, ஒயில் அளக்கிற கம்பியை உருவினார். துடைத்துத் திரும்ப விட்டு உருவினார். என்னிடம் நீட்டினார். கோடு வரைக்கும் நிறைய ஒயில், தேன் நிறம். பிறகு போய்த் தரையில் மிஞ்சியிருந்ததை விரலில் தொட்டு வந்து அதற்குப் பக்கத்தில் பிடித்தார். கரி மாதிரிக் கறுப்பு.

“எஞ்சின்ல ஒரு சொட்டும் குறையல்ல. பாஸ் ஊத்தினது புது ஒயில். கீழ கிடக்கிறது ஆரோ எப்பவோ வடிச்ச பழசு. இந்த எஞ்சின் ஒழுகல்ல புளோறன்ஸ்.”

“எஞ்சின் ஒழுகாட்டி, ஒயில் மழையிலயா வந்தது?”

“அதவிட ஒரு கேள்வி ஈக்கி. இப்ப நான் எங்க நிக்கிறன்?”

கேற் பக்கம், காரின் மூக்கடியில் நின்றார். நான் ஒயிலைப் பார்த்தேன். அது வீட்டு வாசல் பக்கம் இருந்தது, காரின் டிக்கிக்குக் கீழே. எஞ்சின் ஒரு பக்கம், ஒழுக்கு மற்றப் பக்கம். இரண்டு நாளாக அந்த வீட்டில் எல்லாரும் கறையைப் பார்த்தார்களே தவிர, உறைக்குள் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் சேர்த்தி.

உள்ளேயிருந்து வந்த மேனகா விளக்கம் தந்தாள். இவ்வளவு காலமும் கார் மூக்கு உள்ளே இருக்கத்தான் நின்றது. இந்தத் தரம், செவ்வாய்க்கிழமை கராஜிலிருந்து கொண்டு வந்தபோது, வாங்குகிறவர் நேரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று பாஸ் பின்பக்கமாக விட்டார். அம்மா பின்னால் நின்று கை காட்டினா, தான் கேற்றைப் பிடித்தாளாம். அப்பா அந்த நேரம் கண் கிளினிக்கில். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து கிடக்கிறது, ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்திருக்கிறார்கள். அவர் வரும்போது உறையும் போட்டாகிவிட்டது.

மிஸ் கம்பியைத் திரும்பச் செருகி, பொனற்றை மூடிவிட்டு, பாஸைப் பார்க்க வேண்டும் என்றார்.

அன்றைக்கே ரயிலேறி மருதானைக்குப் போனோம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், கராஜ் சத்தம் எனக்குத் தாலாட்டு. பழனிமுத்து ஒரு வானுக்குக் கீழேயிருந்து வெளியே வந்தார், எங்களைக் கண்டதும் திரும்ப உள்ளே போகப் பார்த்தார். பிறகு இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

மிஸ் சுற்றி வளைக்கவில்லை. “நீங்க டோர்ச் அடிச்சுப் பார்த்தீங்க. டிக்கிக்குக் கீழ ஒயில கண்டீங்க. உங்கட பேர் தப்பிச்சிட்டுது. வேற ஆளா இருந்தா அங்கேயே சிரிச்சிருப்பான். நீங்க தப்ப ஒத்துக்கொண்டு வந்தீக்கிறீங்க.”

“வயசாயிருச்சுங்க. கை தவறியிருக்கும்.”

“சிவானந்தன் சேர் எஞ்சின் எண்டு தட்டினது டிக்கிய. அதையும் கண்டீங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கார் திரும்பி நிற்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள், களவு களவு என்று கத்தியவர். எஞ்சின் இன்னும் வாசல் பக்கம் இருக்கிறது என்று நினைத்து, பழைய இடத்தில் ஊற்றியிருக்கிறார். கண் தெரியாவிட்டால் என்ன, தூணிலிருந்து இத்தனை அடி என்று அளந்து பழகிய மனிதர்.

“சான்றிதழுக்குக் கையெழுத்து வைச்ச மனுஷன் மிஸ்,” என்றேன். “காரைத் திருத்தி விக்கப் பாஸைக் கூப்பிட்டதும் அவர்தானே. பிறகு ஏன் ஊத்தவேணும்?”

அதற்குப் பழனிமுத்துதான் வாய் திறந்தார். “அந்தத் தம்பி அன்னிக்கு இங்கதாங்க வந்தாரு. ஒயில் ஒழுகாம எஞ்சினுக்கு அடியில பூட்டுற பெக்கிங் ஒன்னு வாங்க. அப்பா காலையில நல்லா ஏசிட்டாருன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. பேப்பர்ல சுத்திக் குடுத்தேன். நாலு மணி இருக்கும். அந்த மூலை திரும்பினாரு. அவர கடைசியா பாத்த ஆளு நாந்தாங்க.” கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். “என் பேரு போனாப் போகட்டும். நீங்கதான் ஊத்துறீங்கன்னு அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.”

திரும்பி வருகிற ரயிலில் கடல் பக்க ஜன்னல் கிடைத்தது. நான் அதை மிஸ்ஸுக்கு விட்டுக்கொடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் தாயும் மகளும் சட்டை தைக்கக் கொடுக்க மார்க்கெட் பக்கம் போனார்கள். சிவானந்தன் போர்ட்டிக்கோவில் கதிரையில் இருந்தார். தரை காய்ந்திருந்தது. மிஸ் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

“சேர், கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்கி?”

“உள்ளுக்கு. பதினாறு வருஷமா உள்ளுக்குத்தான்.”

மிஸ் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினார். காரைச் சுற்றிக் கேற் பக்கம் கூட்டி வந்து, உறையைத் தூக்கி, அந்தக் கையை உள்ளே வைத்தார். கிழவரின் விரல்கள் முன் லைற்றின் வட்டக் கண்ணாடியில் பட்டன. ஒரு தரம் சுற்றித் தடவின. நின்றன. நில அளவையாளருக்குத் தான் எங்கே பிழை விட்டோம் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

“பாஸ் கண்டிட்டாரோ?”

“வியாழக்கிழமையே.”

“பிறகு ஏன் சொல்லேல்லை?”

மிஸ் உறையைத் திரும்ப இழுத்து மூடினார். சிவானந்தன் உள்ளே போய், பழைய அளவைக் கருவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கோடியல் சர்பத் போத்தலை எடுத்து வந்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பு ஒயில். காணாமல் போன அன்று காலை சுமன் எஞ்சினிலிருந்து வடித்து மூடி வைத்துவிட்டுப் போனதாம்.

“புதுசாச் சீமெந்து போட்ட தரை,” என்றார். குரல் சண்டையில் கேட்ட குரல் இல்லை. “விடிய எழும்பிப் பாத்தால் ஒயில். ஏசினனான். இந்த ஒழுக்கு நிண்டாப் பிறகு இந்த வீட்டுக்குள்ளை கால் வைச்சால் போதும் எண்டு சொன்னனான். சிரிச்சுக்கொண்டு போனவன்.”

பதினாறு வருடமும் மாதத்துக்கு ஒரு தரம் அவரே காரை ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிடம் ஓட விட்டிருக்கிறார், ஒயில் குறையக் குறைய விட்டிருக்கிறார், ஒழுக்கைத் திருத்த மட்டும் ஒருவரையும் விடவில்லை. மகளின் கலியாணம் வந்து, கார் போக வேண்டும் என்றபோது மாட்டேன் என்று சொல்ல அவரிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. பாஸைக் கூப்பிட்டார்.

“அவர் முதல் தரமே வடிவாச் செய்துபோட்டார் பிள்ளை. மூண்டு நாள் தரை காய்ஞ்சு கிடந்தது. விரல் வைச்சுப் பாத்தனான். ஒரு சொட்டு இல்லை.” போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “ஒழுகிற வரைக்கும் அவன் வராததுக்கு ஒரு காரணம் இருந்தது.”

மிஸ் முக்காட்டைச் சரிசெய்தார். இருபத்தாறு வருடம் பொய்யைக் கண்டுபிடித்தவருக்கு, கண்டுபிடித்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

“பாஸுக்கும் ஒரு பேர் ஈக்கி, சேர். அவர் அதையும் உங்களுக்குத் தர வந்தார்.”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அகீல் வந்தான், கூட்டாளி ஒருவனோடு. பழனிமுத்துவும் வந்தார், சலவை செய்த சேர்ட் போட்டு, ஏச்சு வாங்குவதற்கு உடுத்திக்கொண்டு வந்த மாதிரி. நான் துவாயோடு மதிலடியில். தரையில் புது ஒயில் இல்லை.

சிவானந்தன் வெளியே வந்தார். கையில் போத்தல்.

“பாஸ், நீர் செய்த வேலையிலை ஒரு பிழையும் இல்லை. ஒழுக்கு எப்பவோ நிண்டிட்டுது. ஊத்தினது நான்.”

மேனகா அப்பா என்றாள். மற்றதை அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார், காணாமல் போன அன்று காலை மகனுக்குச் சொன்ன அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து. வட்சப் குழுவிலும் தன் பிழை என்று எழுதச் சொல்லி மகளிடம் போனைக் கொடுத்தார். பழனிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாங்க ஐயா, வேண்டாங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகி மரத்தூள் வாளியோடு வாசலில் நின்றாள். நாலு வருடத்தில் முதல் தரமாக அவள் புருஷனோடு கதைத்ததை நான் கேட்டேன்.

“இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.”

வந்து போத்தலை வாங்கினாள். மூடியை இறுக்கினாள். உள்ளே கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை.

கார் முதல் தரத்திலேயே ஸ்ராட் ஆகி, நேரே கேற்றால் வெளியே போய், ஒழுங்கை முனையில் காலி வீதிப் பக்கம் திரும்பியது. வெறும் போர்ட்டிக்கோவில் பழைய கறையின் நிழல் மட்டும், காய்ந்து. சிவானந்தன் குந்தி அதில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து எழும்பி, கேற் இருக்கிற திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“காய்ஞ்சிட்டுது அப்பன்,” என்றார். “உள்ளை வா.”

ஒட்டுக்கேட்டு வாழ்ந்த என் காலத்தில், கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தது அந்த ஒரு வசனத்தை மட்டும்.

தை மாதம் மேனகாவுக்குக் கலியாணம் நடந்தது. சாப்பாடு திறம், மாப்பிள்ளை கொஞ்சம் கட்டை. இப்போது மெல்பேணில். அகீல் பங்குனியில் ஆதிலா என்ற பிள்ளையைக் கட்டினான். பெண்ணைப் பச்சைக் காரில்தான் கூட்டிக்கொண்டு போனான், வெள்ளை உடுப்பில் ஒரு சொட்டுக் கறை இல்லையாம். பழனிமுத்து அதைப் போனில் மிஸ்ஸுக்குச் சொன்னார். அவருடைய கராஜில் இடமில்லாமல் கார்கள் ரோட்டில் நிற்கின்றன. சிவானந்தனும் தில்லைநாயகியும் மெல்பேணுக்குப் போகவில்லை. வீட்டை விற்று, கண் ஒப்பரேஷனும் முடிந்து, வத்தளையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் தூரம் போக இருவருக்கும் மனமில்லை. கதைக்கிறார்களாம், ஏசிக்கொண்டென்றாலும். புது ஆட்கள் போர்ட்டிக்கோவுக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள்.

போகிற அன்று சிவானந்தன் மதிலடிக்கு வந்து, வத்தளை விலாசம் எழுதிய தாள் ஒன்றை என்னிடம் தந்தார். யாரும் வந்து கேட்டால் கொடுக்கச் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

தாள் கொடிக்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கிறது. அந்த வீட்டுக் கேற் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் நான் எட்டிப் பார்க்கிறேன். புளோறன்ஸுக்கு ஊர் விடுப்பு அறிகிற ஆசை இன்னும் அடங்கவில்லை என்று ஒழுங்கை சொல்கிறது. சொல்லட்டும்.